மதில்மேல் இரண்டு பனம்பழங்கள்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததாம். தற்செயல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமையைப் பனை வளரும் நாட்டார் தேடியிருக்க முடியாது. வடமொழியாளர் இதனையே காகதாலீயம் என்பர். பாணினியின் சூத்திரத்துக்கு உரை வகுத்தவர்கள் இச்சொல்லை உதாரணமாக எடுத்தாண்டு விளக்கும்போது, நம் பழமொழி சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றையும் சொல்கிறார்கள்: விழுந்த பழம் தாக்கிக் காகம் இறந்துபோயிற்று. பழம் விழுந்த அதிசயத்தைப் பேசும் நாம், காகத்தின் கதி என்னவாயிற்று என்று கேட்பதில்லை. சென்ற ஆவணி மாதம் வரை நானும் கேட்டவனல்லன்.

என் வீடு வலிகாமத்துச் செம்மண் ஊர்களுள் ஒன்றில் இருக்கிறது. அடுத்த வளவில் ஆச்சி ஒருவர் தனியே வாழ்கிறார். பிள்ளைகள் எல்லாரும் கடல் கடந்தவர்கள். இரு வளவுகளின் எல்லையிலே ஒரு பெண்பனை நிற்கிறது.

முன்னாளில் எங்கள் எல்லை கிடுகு வேலி. பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்றன. வேலியின் நடுவே ஒரு பொட்டு. உப்பும் புளியும், உடம்புக்கு முடியாதபோது ஒரு செம்பு கஞ்சியும் அதன் வழியாகவே போய் வந்தன. ஆண்டுதோறும் வேலி அடைக்கும் நாளில், வேலைக்காரர் பொட்டையும் சேர்த்து அடைத்துவிடாதபடி என் தாயார் பக்கத்திலேயே நிற்பார்.

வேலியை மிகையாகப் புகழ்வதற்குமில்லை. இரவோடிரவாகக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டவர்களும், அந்தச் சாணுக்காக வழக்காடி முழக் கணக்கில் காணியை விற்றவர்களும் நம்மவர்தாம். ஆயினும் 1707-இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த தேசவழமை, ஒருவர் தம் காணியை விற்கப் புகுந்தால், உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அதனை ஈடு பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் வாங்குவதில் முன்னுரிமை கொடுத்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பங்காளரையும் உரித்தாளரையும் வைத்துக்கொண்டு அயலவரை நீக்கிவிட்டது. சட்டத்துக்கு அது வசதி. அயலுக்கு அது நட்டமா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்துச் சன நெரிசலில் ஆச்சியை நாங்கள் தவறவிட்டோம். மூன்றாம் நாள் சாவகச்சேரியில் தண்ணீருக்காக ஒரு கிணற்றடியில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னே குடத்தோடு நின்றவர் திரும்பினார், ஆச்சி! இதனைத் தெய்வச் செயலென்றே வெகுகாலம் சொல்லி வந்தேன். வீடு வாசல் இழந்து வந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு கிணற்றடிக்கு வந்தே ஆக வேண்டும் என்பது பிற்பாடுதான் மனத்திற் பட்டது. அன்றைக்கு இல்லாவிட்டால் இன்னொரு நாள் கண்டிருப்போம்.

அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வேலி இருந்த இடத்தில் எருக்கலை முளைத்திருந்தது. சில காலம் எல்லையே இல்லாமல் இருந்தோம். பின்னர் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் ஆச்சியின் பக்கம் மதில் எழும்பியது. பனை நின்ற இடத்தில் மட்டும் மேசன் அதனைச் சற்று வளைத்துக் கட்டினார். பொட்டு போயிற்று. அதன்பின் எங்களுக்குள் எஞ்சிய வழக்கம் ஒன்றே. ஆடி ஆவணியில் எங்கள் பக்கம் விழும் பழங்களைக் காலையில் மதில்மேல் வைப்பேன். பின்னேரம் முற்றம் கூட்ட வரும் ஆச்சி எடுத்துக்கொள்வார். பனாட்டு ஆனதும் ஒரு துண்டு அதே மதில்மேல் வந்திருக்கும். பேச்சில்லாமலே வாரங்கள் கழியும்.

அன்று நடந்தது இதுதான். அதிகாலை மூன்று மணியிருக்கும். பழமொன்று எங்கள் தகரக் கொட்டில்மேல் விழுந்து, இடி விழுந்தாற்போல் என்னை எழுப்பிவிட்டது. விளக்கோடு வெளியே வந்தேன். மதில்மேல் முதல்நாட் காலை நான் வைத்த இரண்டு பழங்களும் வைத்தபடியே இருந்தன. நெஞ்சு திக்கென்றது. ஒழுங்கையால் சுற்றிப் போய்ப் படலையில் நின்று கூப்பிட்டேன். மறுமொழி இல்லை. உள்ளே போனால், குசினி வாசற்படியடியில் ஆச்சி கிடந்தார். நினைவு இருந்தது, எழும்பத்தான் முடியவில்லை. “தம்பி, விடிஞ்சிட்டுதோ?” என்று கேட்டார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆசுபத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பனம்பழத்தையே புகழ்ந்தார்கள். பிள்ளையாரே பழத்தைப் போட்டார் என்றார் ஒருவர். நான் கணிதம் படிப்பித்தவன். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருப்பதற்கு நூற்றுக்கு எண்பத்தொன்பது பங்கு வாய்ப்பு உண்டு. இருபத்துமூன்று பேர் இருந்தாலே பாதிக்கு மேல். பிள்ளைகள் நம்பமாட்டார்கள், விசாரித்துப் பார்த்துவிட்டு வாய் பிளப்பார்கள். 1952-இல் யுங் என்ற சுவிசு நாட்டு உளவியலறிஞர் இத்தகைய ஒருங்கு நிகழ்ச்சிகளுக்குக் காரண காரியத்தைக் கடந்த ஒரு பொருள் உண்டென்று எழுதினார். 1989-இல் தியாக்கோனிசு, மொசுதெல்லர் என்னும் அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் இருவர், நிகழ்ச்சிகளின் தொகை போதிய அளவு பெரிதானால் எந்த அதிசயமும் நடந்தே தீரும் என்று காட்டினர். நான் பின்னவர் கட்சி. ஆவணியிலே பனம்பழம் விழாத இரவு ஏது?

ஆனால் பார்க்க வந்தவர்களிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த இரண்டு பழங்களையும் முதல்நாள் விளக்கு வைக்கும் நேரத்திலேயே கண்டேன். ‘இன்னும் எடுக்கவில்லையே’ என்று ஒரு கணம் நின்றேன். வானொலியில் செய்தி தொடங்கியது, உள்ளே போய்விட்டேன். ஆச்சி விழுந்தது பின்னேரம் நான்கு மணிக்கு. தாம் கூப்பிட்ட போதெல்லாம் எங்கள் வீட்டு வானொலி கேட்டதாக, குறையாக அல்ல, சாதாரணமாகவே பிற்பாடு சொன்னார். கிடுகு வேலியாயிருந்தால் அந்தக் குரல் எனக்கும் கேட்டிருக்கும்.

ஆச்சி இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அடுத்த கிழமை மேசன் வருகிறார். பனைக்குத் தெற்கே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மதிலை இடிக்கப் போகிறோம். பிள்ளைகளும் தொலைபேசியில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஆச்சிக்கு மட்டும் ஒரு பிடிவாதம்: கதவு தம் பக்கமாகத்தான் திறக்க வேண்டுமாம். எங்கள் பக்கம் திறந்தால் நான் வைத்திருக்கும் மாங்கன்று முறிந்துபோகுமாம்.