யூமா வாசுகி: பாலக்காட்டின் கசாக்கைத் தமிழுக்குக் கொண்டுவந்த சிறார் எழுத்தாளர்

வாளையார்: கோவையிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில் வாளையாரைத் தாண்டினால் கேரளம். இந்த எல்லையைப் பேருந்தும் ரயிலும் எளிதில் கடந்துவிடுகின்றன. ஆனால், ஒரு நூல் இதைக் கடப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்தப் பணியை ஏற்றவர்களில் முக்கியமானவர் தமிழ் எழுத்தாளர் யூமா வாசுகி. சிறார் கதைக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனித்தனியே சாகித்திய அகாதமியின் விருதுகளைப் பெற்றவர் இவர்.

யார் இவர்?

இவரது இயற்பெயர் மாரிமுத்து. 1966-ஆம் ஆண்டு தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டையில் பிறந்தார். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்ற இவர், கவிதை, சிறுகதை, நாவல் எனப் பல வடிவங்களில் எழுதி வருகிறார். மதுவுக்கு அடிமையான தந்தையின் வன்முறையைத் தாங்கும் தாயையும் பிள்ளைகளையும் பற்றிய 'ரத்த உறவு' நாவல் இவருக்குப் பரவலான கவனத்தைப் பெற்றுத் தந்தது. பெரியவர்களுக்காக எழுதப்பட்ட அந்நாவலிலும் குழந்தைகளின் துயரமே மையம்.

கசாக்கும் தஸ்ராக்கும்

மலையாள எழுத்தாளர் ஓ.வி.விஜயனின் 'கசாக்கின்டெ இதிகாசம்' 1969-இல் நூலாக வெளிவந்தது. ஓராசிரியர் பள்ளி நடத்த வரும் ரவி என்ற இளைஞனின் வருகையுடன் கதை தொடங்குகிறது. பாலக்காடு நகருக்கு அருகிலுள்ள தஸ்ராக் என்ற சிற்றூரே கற்பனைக் கிராமமான கசாக்குக்கு அடிப்படை. விஜயனின் சகோதரி அங்கு ஆசிரியையாகப் பணியாற்றியதால் அவ்வூர் அவருக்கு அறிமுகமானது. தஸ்ராக்கில் இப்போது விஜயனின் நினைவகம் உள்ளது.

மொழிபெயர்ப்பு ஏன் கடினம்?

கசாக்கின் மக்கள் பேசுவது பாலக்காட்டு வட்டார மலையாளம். தமிழ்க் கலப்பு அதன் இயல்பு. அனைவரையும் ஒரே பொதுத்தமிழில் பேசவைத்தால் ஊரின் தனித்தன்மை மறைந்துவிடும். மலையாளச் சொற்களை அப்படியே விட்டால் தமிழ் வாசகருக்குப் புரியாது. இந்தச் சவாலை ஏற்று 'கசாக்கின் இதிகாசம்' என்ற பெயரில் யூமா வாசுகி செய்த மொழிபெயர்ப்புக்கு, 2017-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி மொழிபெயர்ப்பு விருது வழங்கப்பட்டது.

குழந்தைகளுக்கான பணி

மலையாளத்திலிருந்து ஏராளமான சிறார் நூல்களையும் இவர் தமிழாக்கம் செய்துள்ளார். இவரது சொந்தப் படைப்பான 'தன்வியின் பிறந்தநாள்' கதைத் தொகுப்பு, 2024-ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் விருதுக்குத் தேர்வானது. 2010 முதல் வழங்கப்படும் இவ்விருது, ரூ.50,000 ரொக்கமும் செப்புப் பட்டயமும் கொண்டது.

ஏன் இது முக்கியம்?

மொழிபெயர்ப்பும் சிறார் இலக்கியமும் ஓர் எழுத்தாளரின் 'முதன்மைப் பணிக்கு' அடுத்தபடியாகவே பெரும்பாலும் மதிக்கப்படுகின்றன. யூமா வாசுகிக்கோ சாகித்திய அகாதமியின் இரு விருதுகளும் அந்த இரண்டு துறைகளுக்காகவே கிடைத்துள்ளன. மலையாளம் அறியாத தமிழ்ச் சிறுவர் ஒருவர் எல்லைக்கு அப்பால் எழுதப்பட்ட கதையைத் தம் மொழியில் படிக்க முடிகிறது என்றால், அதற்கு இத்தகைய உழைப்பே காரணம்.