உணவோடு உண்ண வேண்டிய மாத்திரை

டயாலிசிஸ் சிகிச்சை பெறுவோரின் மாதாந்திர இரத்தப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் குடும்பத்தினர் முதலில் தேடுவது கிரியாட்டினின் அளவைத்தான். டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அந்த எண் சொல்லும் செய்தி குறைவு. அதே தாளில் சற்றுக் கீழே 'பாஸ்பரஸ்' என்றொரு வரி இருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பாஸ்பரஸ் உடலுக்குப் பகையன்று. வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் உண்டு. அதில் 85 விழுக்காடு கால்சியத்தோடு சேர்ந்து எலும்பாகவும் பல்லாகவும் நிற்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி உயிரணுக்களுக்குள் இருக்கிறது. நாம் உண்ணும் உணவின் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில்தான் சேமிக்கப்படுகிறது. மூன்று பாஸ்பேட்டுகள் கோத்த அதன் வாலில் கடைசிப் பாஸ்பேட்டை நொதிகள் பிரிக்கும்போது கிடைக்கும் ஆற்றலால் இதயம் துடிக்கிறது, கை அசைகிறது. இரத்தத்தில் சுற்றுவது மிகச் சிறு பங்கே, டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு. மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். 1669-இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற இரசவாதி பொன் தேடிச் சிறுநீரைக் காய்ச்சியபோது கிடைத்ததே பாஸ்பரஸ்! அவருக்குப் பொன் கிட்டவில்லை. சிறுநீரகத்தின் அன்றாட வேலைக்குச் சான்று கிட்டியது.

அந்த வேலை நின்றுபோனால் இரத்தத்தில் பாஸ்பேட் சேர்கிறது. சிலருக்கு உடலெங்கும் அரிப்பு உண்டாகும். பலருக்கு நெடுநாள் எந்த அறிகுறியும் இராது. இதற்குள் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறிச் சுரந்து எலும்பைக் கரைக்கத் தொடங்கும். அறிக்கையில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயர்ந்திருப்பதைக் கண்டு கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று அஞ்சி வருவோர் உண்டு. கல்லீரலின் மற்ற அளவுகள் சரியாக இருந்தால், அந்த நொதி பெரும்பாலும் எலும்பிலிருந்து வந்ததாகவே இருக்கும். இவற்றினும் கொடியது, கால்சியமும் பாஸ்பேட்டும் இரத்தக் குழாய்ச் சுவர்களிலும் இதய வால்வுகளிலும் படிவது. மெல்லிய குழாய் சுண்ணாம்புக் குழாய்போல் இறுகிவிடுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிருக்கு முதன்மையான அச்சுறுத்தல் இதய நோயே. இந்தப் படிவு அதற்கு வழியமைக்கிறது.

"டயாலிசிஸ்தான் செய்கிறோமே, அது நீக்கிவிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. கணக்கைப் பாருங்கள். வழக்கமான உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் 600 குடலால் உறிஞ்சப்பட்டால் வாரத்துக்கு 4200. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒருமுறைக்கு 800 முதல் 1000 வரையே நீக்கும். பாஸ்பேட் உயிரணுக்களுக்குள் ஒளிந்திருந்து மெல்ல மெல்ல இரத்தத்துக்கு வருவதே இதற்குக் காரணம். வாரம் மும்முறை செய்தாலும் 3000-ஐத் தாண்டுவதில்லை. இருமுறை மட்டும் வருவோருக்கு மிச்சம் இன்னும் அதிகம்.

அந்த மிச்சத்துக்காகத்தான் பாஸ்பேட் பிணைப்பு மாத்திரைகள். கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலாமர், லாந்தனம் ஆகியவை அவ்வகையின. இவை இரத்தத்துக்குள் சென்று வேலை செய்பவை அல்ல. குடலிலேயே உணவின் பாஸ்பேட்டைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுபவை. ஆகவே உணவு இருக்கும்போது மாத்திரையும் அங்கே இருந்தாக வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து நினைவு வந்து விழுங்கினால் பயன் பெரிதும் போய்விடும். வெறும் வயிற்றில் கால்சியம் மாத்திரை உண்டால் கால்சியம் மட்டும் உடலில் ஏறும். நாம் தவிர்க்க விரும்புவது அதையே. செவலாமரை மெல்லாமல் விழுங்க வேண்டும். லாந்தனத்தை நன்கு மென்று உண்ண வேண்டும். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சில நுண்ணுயிர்க்கொல்லிகள் ஆகியவற்றை இவற்றோடு சேர்த்து உண்ணலாகாது. இடைவெளி எவ்வளவு என்று மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, நீண்ட விலக்குப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவற்றைக் கண்டு அஞ்சிப் பருப்பையும் முட்டையையும் ஒருசேரக் கைவிட்டு மெலிந்துபோவோர் பலர். டயாலிசிஸ் நோயாளிக்குப் புரதம் கட்டாயம் வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. பருப்பில் உள்ளது பெரும்பாலும் பைட்டிக் அமிலமாகப் பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதி நம் குடலில் போதிய அளவு இல்லை. ஆகவே அதில் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேரும். (பொட்டாசியத்துக்காக உங்களுக்கு விதித்த அளவு வேறு, அதை மீற வேண்டாம்.) பால், இறைச்சி, மீன் ஆகியவற்றின் பாஸ்பரஸ் இதைவிட எளிதில் சேரும் என்பதால் அளவு தேவை. முள்ளோடு உண்ணும் நெத்திலிக் கருவாட்டில் எலும்பின் பாஸ்பரஸும் சேர்ந்தே வருகிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது தொழிற்சாலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளுக்கே. அவை ஏறக்குறைய முழுமையாக உறிஞ்சப்படுகின்றன. கோலா பானங்கள், பதப்படுத்திய பாலாடைக்கட்டி, சாசேஜ் போன்றவற்றின் உறையில் 338 முதல் 341 வரை, அல்லது 450, 451, 452 என்ற எண்கள் சிறிய எழுத்தில் இருக்கும். அவை பாஸ்பேட்டின் எண்கள். அடுத்த முறை வரும்போது வீட்டில் வழக்கமாக வாங்கும் சத்துபான டப்பாவையோ பாக்கெட்டின் உறையையோ கொண்டு வாருங்கள். டயாலிசிஸ் நடக்கும் நேரத்திலேயே உணவியல் நிபுணர் படித்துச் சொல்வார்.