இந்த விலைக்குக் கீழே கிடையாது பாஸ்!

ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரிக்கு பைக் விட்டிருக்கீங்களா? மரக்காணம் வந்ததும் ரோட்டோரம் வெள்ளை வெளேர்னு உப்புக் குவியல்கள் வரிசை கட்டி நிக்கும். செல்போன்ல ஒரு 'க்ளிக்' அடிச்சுட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கிடுவோம், இல்லையா? ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுங்க. 'இதுக்குக் கீழே தரமாட்டேன்'னு அந்தக் குவியலுக்குச் சொந்தக்காரரால் ஒரு விலை சொல்ல முடியுமா?

ஆன்லைன் ஏலத்தில் அந்த விலைக்குப் பேர்தான் ரிசர்வ் விலை!

ரகசியம்... பரம ரகசியம்!

நெட்டில் ஒரு மூட்டை உப்பை ஏலம் விடுறோம்னு வெச்சுக்குவோம் (விலையெல்லாம் சும்மா கணக்குக்குத்தான்). ஆரம்ப விலை 100 ரூபாய். அது எல்லாருக்கும் தெரியும். விற்பவரின் ரிசர்வ் 180. அது சிஸ்டத்துக்கு மட்டும்தான் தெரியும். ஏலம் 150-ல் நின்னுட்டா, 'ரிசர்வ் எட்டவில்லை'ன்னு திரையில் வரும். அதிகம் கேட்டவருக்கும் சரக்கு கிடையாது!

இபேயில் 'என்னோட அதிகபட்சம் இவ்வளவு'ன்னு முன்கூட்டியே போட்டு வைக்கலாம். (இபேயின் இந்தியத் தளத்தை 2018-ல் மூடிட்டாங்க. வெளிநாடுகளில் ஓடிட்டுதான் இருக்கு.) நீங்க 220 போட்டால், விலை 150-லேர்ந்து ஒரே ஜம்ப்பில் 180-க்குப் போகும். அதுக்கு மேல யாரும் போட்டிக்கு வரலைன்னா, 180-க்கே மூட்டை உங்களுக்கு!

ஏன் மறைக்கணும்? ஆரம்ப விலை குறைவா இருந்தாத்தான் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தாத்தான் விலை ஏறும். ஆனா, 'எவ்வளவு கேட்டாலும் எட்டலைங்கறானே'ன்னு கடுப்பாகி ஆளுங்க கிளம்பிடற ஆபத்தும் இருக்கு.

ஓவரா வெச்சா..?

ரிசர்வை எல்லாருக்கும் சொல்லிட்டே நடத்தும் ஏலமும் உண்டு. மத்திய அரசின் அலைக்கற்றை ஏலம் அப்படித்தான். 2016-ல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை முதன்முதலா ஏலத்துக்குக் கொண்டுவந்தாங்க. நாடு முழுக்க ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரிசர்வ் விலை 11,485 கோடி ரூபாய். ஒரு கம்பெனிகூட கை தூக்கலை! 2021-ல் 6,568 கோடிக்கு இறக்கினாங்க. அப்பவும் ம்ஹூம். 2022-ல் 3,927 கோடிக்கு வந்த பிறகுதான் ஜியோ வாங்குச்சு.

ஆறு வருஷம் அரசாங்கத்தால காத்திருக்க முடிஞ்சது. காரணம் சிம்பிள்... அலைக்கற்றை மழையில் கரையாது!

உப்பு கரையுமே?

இங்கேதான் மேட்டர். மரக்காணத்தைச் சுத்தி இருக்கிற ஊர்களில் மல்லாட்டை போடும் விவசாயி, மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே வியாபாரிகள் கேட்கும் விலை பிடிக்கலைன்னா 'வேணாம்'னு சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 2016-ல் வந்த இ-நாம் ஆன்லைன் சந்தையிலும் இதே உரிமை இருக்கு. யோசிச்சுப் பாருங்க, அவர் மனசுல இருக்கிற அந்த விலையும் ஒரு ரகசிய ரிசர்வ்தானே? சரக்கைக் குடோனில் வெச்சு பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். விலை ஏறும் வரை வீட்டுச் செலவைச் சமாளிக்கலாம்.

உப்பு? அது விவசாய விளைபொருள் கணக்கில் வராது, தொழில் கணக்கு. அதனால் அந்தக் கூடத்தின் கதவு உப்புக்குத் திறக்காது. வடகிழக்குப் பருவமழை இறங்குறதுக்குள்ள சரக்கை நகர்த்தியாகணும். இல்லேன்னா ஓலை, தார்ப்பாய்னு மூடிக் காப்பாத்தணும். அது தனிச் செலவு. வானம் கருக்கும்போது பேரம் யார் பக்கம் சாயும்னு சொல்லவே வேணாம்.

ஆக, ரிசர்வ் விலைங்கறது கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற நம்பர் மட்டும் இல்லீங்க. 'வேணாம் போ'ன்னு சொல்லிட்டு, அடுத்த ஆள் வரும் வரை காத்திருக்கிற தெம்பு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா தேடிட்டிருக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, 'உப்புக்கு ஆன்லைன் ஏலம்'னு தாராளமா எழுதலாம். ஒரு செமஸ்டர் போதும். ஆனா, பக்கத்து சிவில் டிபார்ட்மென்ட் நண்பரையும் டீம்ல சேர்த்துக்கங்க. முதல்ல குடோனுக்கு ஒரு கூரை வேணும். சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம்தான்!