பத்து மீட்டர் வித்தியாசம்

சித்திரை மாதம் பதினொரு மணிக்கே பெரம்பலூர்ப் பக்கத்து எறையூர்க் கரிசல் கொதிக்கத் தொடங்கிவிடும். உழுது போட்ட வயலுக்கு மேல் அண்ணாந்து பார்த்தால், பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்தபடி மேலே போய்க்கொண்டிருக்கும். ஏலகிரியிலும் இமாசலத்துப் பீர் பில்லிங்கிலும் பாராகிளைடிங் செய்கிறவர்கள் ‘தெர்மல்’ என்று தேடி அலைவது இந்தச் சூட்டுக்காற்றைத்தான். பெரம்பலூர்க்காரர்களுக்கு அது வாசலிலேயே கிடைக்கிறது. வாங்கிக்கொள்ள நாம்தான் இன்னும் கிளம்பவில்லை!

விடுமுறைச் சிறப்பிதழுக்காக எனக்குத் தரப்பட்ட கேள்வி: பாராகிளைடரின் துணி இறக்கையான ‘விங்’குகளில் எது அதிக தூரம் போகும்? பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். 1 மீட்டர் இறங்குவதற்குள் பயிற்சி விங் 8, 9 மீட்டர் முன்னே போகும். அனுபவசாலிகளின் விங் 10-ஐத் தாண்டும். பந்தய விங் 11-க்கு மேலும் போகும். நீளமும் ஒடுக்கமுமான வடிவம், குறைவான கயிறுகள், மெல்லிய கயிறுகள் என்று பணம் ஏற ஏற எண்ணும் ஏறும்.

‘கிளைடு’ எனப்படும் இந்த எண்ணை நம்பிப் பச்சைமலை விளிம்பிலிருந்து குதிக்கிறோம் என்று வையுங்கள். சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயரம். கிளைடு 10 என்றால் 6 கிலோமீட்டர் வரும். 9 என்றால் 5.4. இரண்டுமே எறையூருக்குப் பாதி வழிகூட வராது. எதிர்க்காற்று மணிக்கு 20 கி.மீ. வீசினால் இதிலும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். ஏனென்றால் இந்த விங்குகளின் சாதாரண வேகமே மணிக்கு 38 கி.மீ.தான். நடுவழியில் நல்ல தெர்மல் ஒன்று கிடைத்தால், விநாடிக்கு 2 மீட்டர் வீதம் ஐந்தே நிமிடத்தில் புறப்பட்ட 600 மீட்டரும் திரும்பக் கையில் வந்துவிடும். கிளைடில் ஒரு புள்ளி கூட்ட லட்சத்தைக் கொட்டுகிறவர்கள் பருந்தைக் கொஞ்சம் பார்க்கலாம்.

இன்னொன்று, இந்த எண்ணை அளப்பதே பெரும்பாடு. ஒரே எடையுள்ள இருவர், ஒரே மாதிரி ஹார்னஸ் (இருக்கைக் கச்சை) போட்டுக்கொண்டு, காற்று அசையாத காலையில் பக்கம் பக்கமாகப் பறக்க வேண்டும். பிறகு விங்கை மாற்றிக்கொண்டு மறுபடியும் பறக்க வேண்டும். கிளைடு 9-க்கும் 9.3-க்கும் 3 கி.மீ. தூரத்தில் வரும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 10 மீட்டர். ஒருவருக்கு மட்டும் பத்து விநாடி இளங்காற்று மேலே தூக்கிவிட்டாலே அந்த 10 மீட்டர் வந்துவிடும். ஒருவர் காலைத் தொங்கவிட்டும் மற்றவர் உறை ஹார்னஸுக்குள் கால் நீட்டியும் உட்கார்ந்திருந்தால், ஒப்பீடு அங்கேயே முடிந்தது. ஜி.பி.எஸ். காட்டுவது தரையின் மேல் கடந்த தூரம். காற்றின் பங்கு எவ்வளவு, விங்கின் பங்கு எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லாது.

ஐரோப்பியத் தரச்சான்றில் ஏ, பி, சி, டி என்று வகுப்புகள் இருக்கின்றன. அந்தச் சோதனை கிளைடை அளப்பதே இல்லை. விங் மடங்கினால் தானாக விரிகிறதா, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு உயரம் இழக்கிறது என்றுதான் பார்க்கிறது. நியாயமான கவலை. 2011 ஜூலையில் ஸ்பெயினின் பியத்ராஹிதாவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். போட்டி பாதியில் நின்றது. சான்று இல்லாத அதிவேகப் பந்தய விங்குகள் அதோடு நிறுத்திவைக்கப்பட்டன. கிளைடுக்கான ஓட்டப்பந்தயம்தான் விங் வடிவமைப்பை முன்னேற்றியது என்று பந்தயக்காரர்கள் சொல்வார்கள், அதுவும் உண்மைதான்.

என் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. புது விங் வாங்க முடியாதவர்கள் பழைய விங் வாங்குவார்கள். விற்கிறவர் சொல்லும் கிளைடு, அது புதிதாக இருந்தபோது இருந்தது. நைலான் துணிக்கு வெயில் எமன். மேல்பூச்சு தேயத் தேயத் துணி வழியே காற்று கசியும். விங் மேலே எழும்பச் சுணங்கும். ‘ஸ்டால்’ ஆகும், அதாவது தூக்குவிசை இழந்து விழும் ஆபத்தும் கூடும். பின்வரிசைக் கயிறுகள் நாளடைவில் சுருங்குவதும், பாரம் தாங்கும் முன்வரிசை நீள்வதும் இன்னொரு சங்கடம். சில சென்டிமீட்டர்தான் மாறும். அதற்குள் விங்கின் வேகம் குறைந்து, அது ஸ்டாலின் விளிம்புக்குப் பக்கத்தில் பறக்கத் தொடங்கிவிடும். பறக்கிறவர் கண்ணுக்கு இது தெரியாது. துணியும் சாயமும் புதுசாகவே இருக்கும். நம் ஊர் வெயிலில் பகல் முழுக்க மைதானத்தில் விரித்துக் கிடக்கும் பயிற்சி விங், குளிர்நாட்டு விங் போல உழைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை.

அதனால் பழைய விங் விலை பேசும்போது கிளைடு கேட்க வேண்டாம். மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது? துணியில் காற்றுக் கசிவை மீட்டர் வைத்துக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்? கயிறுகளின் நீளத்தை அளந்த தாள் எங்கே? தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. அடிக்கடி பறந்தால் அதற்கு முன்பே. தாள் இல்லை என்றால் அந்த விங் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். டேண்டமில், அதாவது ஒரு பைலட்டோடு சேர்ந்து, ஐந்து நிமிடம் பறக்கப் போகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். பணம் கட்டுவதற்கு முன்னால்.