ஆபீஸ் சர்வரில் '777' போடுறீங்களா? சம்பளப் பட்டியலை யார் வேணும்னாலும் மாத்தலாம்!

சம்பளப் பட்டியலில் ஒரு சின்ன திருத்தம். ஃபைல் திறக்கிறது. சேவ் பண்ணினால் மட்டும் 'அனுமதி இல்லை' என்று வருகிறது. போன மாதம் வேலையை விட்டுப் போனவர் உருவாக்கிய ஃபைல் அது. "777 போட்டு விடுங்க, சரியாயிடும்" என்கிறார் ஒருவர். சரியாகத்தான் ஆகும். ஆனால் பிரச்னையே அங்கேதான் ஆரம்பம்!

777 என்றால் என்ன?

லினக்ஸ் சர்வரில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பு உண்டு: உரிமையாளர், குழு, மற்றவர்கள். படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டி வருவதுதான் இந்த எண்.

640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர்களுக்கு எதுவும் கிடையாது. 777 என்றால்? சர்வரில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் எல்லா அனுமதியும்!

என்ன ஆபத்து?

ஒருவரின் கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால், அவர் கணக்கால் எழுத முடிகிற அத்தனை ஃபைல்களையும் அது பூட்டிவிட முடியும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஃபைலை அழிக்கும் அனுமதி ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. ஃபோல்டருக்கு 777 கொடுத்துவிட்டால், ஃபைலைத் திறக்கவே முடியாதவர்கூட அதை அழித்துவிடலாம்.

சரியான வழி எது?

கணக்குப் பிரிவுக்குத் தனிக் குழு உருவாக்குங்கள். அந்த ஃபோல்டரை அதே குழுவுக்கு மாற்றி, 2770 கொடுங்கள். முன்னால் இருக்கும் 2-தான் முக்கியம். அங்கே புதிதாக உருவாகும் ஃபைல்கள் தானாகவே அந்தக் குழுவுக்குப் போய்விடும்.

அப்புறமும் சக ஊழியரால் சேவ் செய்ய முடியவில்லையா? 'யூமாஸ்க்' 022 என்று இருக்கலாம். அப்படி இருந்தால் குழுவுக்குப் படிக்கும் அனுமதி மட்டுமே கிடைக்கும். அதை 007 ஆக்கினால், புதிய ஃபைல்களில் குழுவினரும் எழுதலாம். வெளியாட்கள் படிக்கவே முடியாது.

வேலையை விட்டுப் போனவரின் ஃபைல்கள்?

கணக்கை நீக்கினாலும் ஃபைல்கள் அவருடைய பயனர் எண்ணிலேயே இருக்கும். அதே எண் பின்னாளில் புதிய ஊழியருக்குப் போனால், பழைய ஃபைல்களுக்கும் அவரே சொந்தக்காரர்! அதனால் கணக்கை நீக்கும் முன்பே, 'சிஎச்ஓன்' கட்டளையால் உரிமையாளரை மாற்றிவிட வேண்டும். இதைச் செய்ய சர்வர் நிர்வாகியின் அனுமதி தேவை.

உங்க ஆபீஸ் சர்வரில் 777 எங்கெல்லாம் இருக்கிறது? இன்றைக்கே நிர்வாகியிடம் கேட்டுப் பாருங்க.