தேனீயும் துண்டுபட்ட காடும்

பழனி என்றவுடன் பஞ்சாமிர்தத்தை நினையாதவர் இலர். மலை வாழைப்பழம், சர்க்கரை, நெய், தேன் முதலியன சேர்ந்தே அது அமைகிறது. இவற்றுள் தேனைத் தரும் சிற்றுயிர் பழனி மலையில் எவ்வாறு வாழ்கிறது, அதன் வாழ்வுக்கு இன்று நேர்ந்துள்ள இடர் யாது என்பதை மாணவ நேயர்களுக்கு விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். "தேனீயில் எத்தனை வகை?" என்று வினவினால், ஒன்று என்றோ இரண்டு என்றோதான் மாணவர் விடை கூறுவர். ஆனால் உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களை அறிஞர் கண்டுள்ளனர். அவற்றுள் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வன அல்ல. பெண் தேனீ தனியே மண்ணில் வளை தோண்டியோ, மரத்தைத் துளைத்தோ முட்டையிட்டு, குஞ்சுக்கு வேண்டிய மகரந்தத்தைச் சேர்த்து வைக்கும். கூட்டமாக வாழ்ந்து நமக்குத் தேன் தருவன சிலவே. உயர்ந்த பாறையிலும் நெடுமரக் கிளையிலும் ஒற்றைப் பேரடை கட்டுவது மலைத்தேனீ. மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டுவது அடுக்குத் தேனீ. இவ்விரண்டும் மலையேறி வாழ்வன. புதரில் சிற்றடை கட்டும் கொம்புத் தேனீயையும், கொட்டாத கொசுத்தேனீயையும் அடிவாரத்திலும் சமவெளியிலும் காணலாம்.

இனி இவை வாழும் மலையைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே நீண்டு கிடக்கும் கிளையே பழனி மலை. அதன்மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் அமைந்திருக்கிறது. இவ்வுயரத்தில் காடு ஒரே பரப்பாக இருப்பதில்லை. நீரோடை செல்லும் பள்ளங்களில் அடர்ந்த சோலை, மேடுகளில் புல்வெளி. இதுவே இயற்கை வகுத்த அமைப்பு.

"அப்படியானால் சோலை துண்டு துண்டாக இருப்பது இயல்புதானே? அதனால் தேனீக்கு என்ன கேடு?" என்று நீங்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே. சோலைக்கும் சோலைக்கும் நடுவே பண்டு கிடந்தது வெற்றிடம் அன்று. குறிஞ்சியும் பல்வகைச் சிறு பூண்டுகளும் பூத்துக் கிடந்த புல்வெளி அது. ஒரு சோலையினின்று மற்றொரு சோலைக்குச் செல்லும் தேனீக்கு அது வழியில் அமைந்த அன்னசத்திரம் போன்றது. அச்சத்திரம் மூடப்பட்டதே இன்றைய இடர். தோல் பதனிடும் பட்டைக்காகவும், கூழ்மரத்துக்காகவும், விறகுக்காகவும் வாட்டில், தைலமரம், பைன் ஆகிய அயல்நாட்டு மரங்கள் புல்வெளியில் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்யப்பட்டு 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டுகிறது. மரத்தோட்டங்களும் விளைநிலங்களும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன.

மரம் எதுவாயினும் மரந்தானே என்று எண்ணலாகாது. பைன் மரம் காற்றினால் மகரந்தச் சேர்க்கை பெறுவது; அதில் தேன் சுரப்பதில்லை. தைலமரத்தில் தேன் உண்டு. அது பூக்கும் காலத்தில் கூட்டத் தேனீக்கள் அதை நாடும். ஆயினும் ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரு மரமே போதாது.

தேனீக்கு வேண்டுவன மூன்று: வீடு, உணவு, துணை. காடு சிதையும்போது மூன்றும் குலைகின்றன.

முதலாவது வீடு. பொந்து விழுவதற்கு முதுமரம் வேண்டும். இளமையிலேயே வெட்டப்படும் தோட்டமரத்தில் பொந்து ஏது? மண்ணில் வளை தோண்டும் இனங்கள் பலவற்றுக்கு வெயில் படும் தரை வேண்டும். நெருக்கமாக வளர்ந்த வாட்டிலின் நிழலில் அது கிடைப்பதில்லை. கோடைக் காட்டுத்தீயோ முதுமரத்தையும் அடிச்செடியையும் ஒருங்கே அழிக்கிறது.

இரண்டாவது உணவு. பெரிய தேனீக்கள் சில கிலோமீட்டர் தொலைவு பறந்து இரை தேடும். சிறிய இனங்களோ சில நூறு மீட்டருக்கு அப்பால் செல்வது அரிது. நமக்குக் கால்மணி நேர நடையாகத் தோன்றும் இடைவெளி, அவற்றுக்குக் கடக்கவொண்ணாக் கடல்.

மூன்றாவது துணை. கருவுற்ற முட்டையினின்று பெண்ணும், கருவுறாத முட்டையினின்று ஆணும் பிறப்பது தேனீக்களின் நியதி. ஒரு சிறு காட்டில் அடைபட்டு, நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறைதோறும் கலக்க நேர்ந்தால், கருவுற்ற முட்டைகளிலும் ஒரு பகுதி ஆணாகிவிடும். அவ்வாண்கள் பெரும்பாலும் மலடு. உழைக்கும் பெண் தேனீக்கள் குறைய, அவ்வினம் நலிகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். மரம் வெட்டிய இடத்தில் வெயில் பட்டுக் களைகள் பூக்கும்போது தேனீக்கள் மொய்ப்பதுண்டு. அதைக் கண்டு கேடொன்றும் இல்லை என்று முடிவு கட்டலாகாது. அங்கு வருவன பெரும்பாலும் எங்கும் பிழைக்கவல்ல சில இனங்களே. தேனீக்களின் எண்ணிக்கை கூடியிருக்கும்; இனங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும்.

இதனால் மனிதருக்கு என்ன நட்டம்? தாண்டிக்குடி முதலிய கீழ்ப்பழனிச் சரிவுகளில் காப்பி விளைகிறது. அராபிகா காப்பிச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்க வல்லது. எனினும் தேனீ வந்தால் காய்ப்பு மிகும். மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா நாட்டின் தோட்டமொன்றில் ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, காட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகள், காட்டுத் தேனீக்களின் உதவியால் 20 விழுக்காடு மிகுதியாக விளைந்தன. காட்டைக் காப்பவன் தன் கழனியையும் காக்கிறான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தேன் எடுப்பதில் தேர்ந்த பளியர் குடிகளுக்கோ, இது பரம்பரைத் தொழிலைப் பற்றிய கவலை.

குறிஞ்சியையும் எண்ணிப் பாருங்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறையே பூக்கும். 2006-இலும் 2018-இலும் பூத்தது. இனி 2030-இல் பூக்க வேண்டும். பூத்து, வித்து விட்டபின் செடி மடிந்துபோகும். அதன் மலரை நாடி வருவனவற்றுள் தலையாயது அடுக்குத் தேனீ. மற்ற செடிகளுக்கு இவ்வாண்டு தவறினால் அடுத்த ஆண்டு உண்டு. குறிஞ்சிச் செடிக்கு இரண்டாம் முறை என்பது இல்லை.

2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறிவிக்கப்பட்டது. போற்றத்தக்க செயல். ஆனால் எல்லை வகுப்பதோடு பணி முடிவதில்லை. எஞ்சிய புல்வெளியைக் காத்தல் வேண்டும். சோலைகளை இணைக்கும் ஓடைக்கரைகளில் அவ்விடத்துக்குரிய செடிகளையே வளர்த்தல் வேண்டும். பொந்துள்ள முதுமரத்தைப் பயனற்றது என்று வெட்டாதிருத்தல் வேண்டும். மலைத்தோட்ட உழவர்கள், பயிர் பூத்திருக்கும் பகற்பொழுதில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிர்க்கலாம்.

மாணவர்களாகிய நீங்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. உங்கள் ஊரில் எந்தச் செடி எந்தத் திங்களில் பூக்கிறது, எவ்வகைத் தேனீ அதை நாடுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் ஆண்டு முழுவதும் எழுதி வாருங்கள். பூவே இல்லாத திங்கள் எது என்பது அப்பொழுது புலனாகும். அத்திங்களில் பூக்கக்கூடிய உள்ளூர்ச் செடி எது என்று பெரியோரைக் கேட்டறிந்து, பள்ளித் தோட்டத்தில் அதனை நடுங்கள்.