சிறுகக் கட்டிப் பெருக வாழும் கணினி

“சிறுகக் கட்டிப் பெருக வாழ்” என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுக்குச் சொன்ன இவ்வறிவுரை இக்காலக் கணினிக்கும் எத்துணைப் பொருத்தமானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களின் பழைய லயங்களை அறியாதார் யார்? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா ஒன்று. அதனுள்ளே ஒரு குடும்பம். இரவிலே விரித்த கம்பளியைப் பகலிலே மடித்து ஒதுக்குவர். திருவிழாப் பாத்திரங்களைப் பெட்டியிலிட்டுப் பரணில் ஏற்றுவர், வேண்டும்போது இறக்குவர். இந்நெருக்கடி அவர்கள் விரும்பி ஏற்றதன்று. எனினும் அதனூடேயும் குடித்தனம் நடத்தும் திறமை அவ்வில்லத்துத் தாய்மாருக்கு உண்டு.

கணினியினுள்ளும் அத்தகைய இல்லத்தலைவி ஒருத்தி இருக்கிறாள். அவளே பணிசெயல் முறைமை. நினைவகம் அவள் ஆளும் காம்பிரா. எவ்வேலைக்கு எவ்வளவு இடம், எதனை இருத்துவது, எதனை அனுப்புவது என்று தீர்மானிப்பவள் அவளே. இடம் நிறைந்தால், உடன் தேவைப்படாதவற்றை வன்தட்டுக்கு அனுப்புவாள், அதுவே பரண். கம்பளியை மடிப்பதுபோலத் தரவுகளைச் சுருக்கி நினைவகத்திலேயே ஒதுக்கிவைக்கும் முறையும் உண்டு. ஆனால், பரணுக்கு ஏறி இறங்குவதே நாள் முழுதும் வேலையானால் அடுப்பில் சோறு வேகுவது எப்படி? நினைவகம் குறைந்த கணினி திணறி நிற்பதன் காரணம் இதுவே.

1969 யூலை 20இல் சந்திரனில் இறங்கிய அப்பலோ 11 கலத்தின் கணினியில், மாற்றி எழுதத்தக்க நினைவகம் ஏறத்தாழ 4 கிலோபைட்டு மாத்திரமே. இறங்கும் தறுவாயில் வேலை மிகுந்து இடம் போதாமையால் ‘1202’ என்னும் அபாய அறிவிப்பு எழுந்தது. அப்போது முறைமை யாது செய்தது? முக்கியமல்லாத பணிகளைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் பணிகளை மட்டும் தொடர்ந்து நடத்திற்று. கலமும் பத்திரமாக இறங்கிற்று.

அண்டை நாடாகிய இந்தியாவிலும் ஓர் உதாரணம் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து, எளிய மக்களுக்கென ‘சிம்பியூட்டர்’ என்னும் கைக்கணினியை 2001ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். 32 மெகாபைட்டு நினைவகத்தில் லினக்ஸ் முறைமை அதில் இயங்கிற்று; எழுத்தறியாதாரும் கேட்டறியும்படி தமிழ் முதலிய மொழிகளில் பேசவும் செய்தது. விற்பனையில் அது எதிர்பார்த்த இடத்தை எய்தவில்லை. எனினும் சிறிய இடத்திலும் தமிழ் வாழும் என்பதை நிரூபித்தது.

இதனை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10 முறைமைக்கான பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதன் பின்வந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 கிகாபைட்டு, அதாவது 4,096 மெகாபைட்டு நினைவகத்தையும் புதிய உறுப்புகளையும் வேண்டுகிறது. ஆகவே, பழுதேதுமில்லாத கணினிகளும் ‘பழையவை’ என ஒதுக்கப்படுகின்றன. அத்தகையதொன்று தோட்டத்து மாணவர் கைக்கு வந்தால் அதனை வீசிவிடலாமா?

வேண்டியதில்லை. அவுஸ்திரேலியரான பாரி கோலர் 2003இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் போன்ற இலவச முறைமைகள் சிறிய நினைவகத்துக்கென்றே அமைந்தவை. டைனி கோர் என்பதோ 46 மெகாபைட்டிலேயே எழுந்து நிற்கும். இவற்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். கணினியில் நிரந்தரமாக நிறுவுமுன், உள்ளே இருப்பவற்றைப் பிரதி எடுத்துக்கொள்வது அவசியம்.

எல்லாம் கைகூடும் என்று மயங்கவும் வேண்டாம். இணையத்தின் கனத்த பக்கங்களும் காணொளிகளும் இத்தகைய கணினியைத் திணறச் செய்யும். ஆயினும் தமிழில் கட்டுரை எழுதவும், கணக்குப் போடவும், நிரல் எழுதப் பழகவும் அது தாராளமாகப் போதும். படிக்கும் பிள்ளைக்கு முதற்படியாக வேறென்ன வேண்டும்?

மனிதருக்கு விசாலமான வீடு வேண்டும். அது அவர்தம் உரிமை. கணினிக்கோ, நிர்வாகம் செம்மையாயின், சிறிய காம்பிராவே போதும்.